இடப்பக்க இருக்கையிலிருந்து இமயம்

பொம்மனஹள்ளியில் கிளம்பி ஜோஜி லா வழியே லே. மணாலி வழியே திரும்பல். பனிக் கணவாய்களில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை ஒரு பயந்த பயணி கண்டுகொண்ட விதம்.

பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் பக்கம் போனால் அடுத்து வரும் நெரிசல் பொம்மனஹள்ளி. 2007-ல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். கார்மென்ட்ஸ் ஆலைகளை நம்பி வந்த தமிழ், தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் சந்துக்குச் சந்து நிறைந்திருக்கின்றன. தலைக்கு மேலே 2010-ல் திறக்கப்பட்ட எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை. 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ ரயிலும் உண்டு. இத்தனைக்கும் அடியில், ஹாரன் சத்தத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய சாலையின் எண்ணை அங்கே யாரும் கவனிப்பதில்லை. அது தேசிய நெடுஞ்சாலை 44. அதன் தென்கோடி கன்னியாகுமரி, வடகோடி ஸ்ரீநகர். இந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு வடக்கே போனால், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து காஷ்மீரில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து வேறொரு எண் கொண்ட சாலை, பனி படர்ந்த கணவாய்களின் மேல் ஏறி லடாக்குக்குப் போகிறது.

காரில் லடாக் போவது பெங்களூர் இளைஞர்களுக்கு இப்போது புதிய விஷயமே இல்லை. ஆனால் அந்த மே மாதம் பொம்மனஹள்ளியிலிருந்து கிளம்பிய காரில் முன்பக்க இடது இருக்கையில் இருந்தவர் இளைஞர் இல்லை. 63 வயது. தருமபுரிப் பக்கத்திலிருந்து எண்பதுகளில் வந்து, எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. ஏற்காடு மலையில் பஸ் ஏறும்போதே கண்ணை மூடிக்கொள்பவர். காரை ஓட்டியது அவருடைய மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மூன்று வார விடுப்பு, வெகுநாள் ஆசை. தனியாக விட மனமில்லாமல் மாமனார் உடன் கிளம்பினார். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி வீட்டிலேயே இருந்துவிட்டார். மகளுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. அவர் விமானத்தில் நேராக லேக்கு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

மலைப் பாதையில் பயப்படும் பயணிக்கு இருக்கும் முதல் சிரமம், அவர் கையில் ஸ்டியரிங் இல்லை. ஓட்டுபவருக்கு அடுத்த நொடி கார் எங்கே திரும்பும் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும். ஓட்டுபவர் பார்ப்பது சாலையை. இவர் பார்ப்பது பள்ளத்தை. இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்தி அழுத்தியே கெண்டைக்கால் வலித்துவிடும். இவருக்கு இரண்டாவதாக ஒரு சிரமமும் இருந்தது. ஓட்டுபவர் மகனாக இருந்தால் “டேய், மெதுவாப் போடா” என்று அதட்டலாம். வாடகைக் கார் டிரைவரிடமும் சொல்லிவிடலாம். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

“மாமா, பயமா இருக்கா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம், “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை, நீங்க பாத்து ஓட்டுங்க” என்று பதில் வந்தது. கை மட்டும் ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியை விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், முதல் நான்கைந்து நாட்கள் அவர் பயப்படவே இல்லை. ஆறு வழிச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனபோது அவர் தூங்கினார். கணக்குப்படி பார்த்தால் விழித்திருக்க வேண்டிய இடம் அதுதான். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அந்த ஆண்டு அறிக்கை, விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலைகளில் நடந்தவை என்கிறது. வளைவுகளின் பங்கு அதில் சிறியது. எண்ணிக்கையில் அதிக விபத்துகளைக் கண்ட மாநிலம், அகலமான சாலைகளுக்குப் பெயர் பெற்ற தமிழ்நாடு. ஆனால் பயம் புள்ளிவிவரம் பார்ப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பை முப்பது வருடம் ஸ்கூட்டரில் கடந்தவருக்கு லாரியின் பின்சக்கரம் பழகிப்போனது. ஆயிரம் அடிப் பள்ளம் பழக்கமில்லை.

ஜம்முவுக்கு வடக்கே மலை தொடங்குகிறது. முன்பு பயணிகளைப் பயமுறுத்திய பல திருப்பங்களை அந்தப் பாதையில் இப்போது சுரங்கங்கள் விழுங்கிவிட்டன. 2017-ல் திறந்த செனானி-நஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். ராம்பன் அருகே செனாப் நதியை ஒட்டிப் போகும் பகுதி இன்னும் மண்சரிவுக்குப் பேர்போனது. அதற்கும் மேலே, 1956-ல் திறந்த ஜவாஹர் சுரங்கத்துக்குக் கீழாக, பானிஹால்-காஜிகுண்ட் சுரங்கம் 2021 முதல் எட்டரை கிலோமீட்டர் தூரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து லடாக் பாதையில் 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கமும் திறந்தாயிற்று. பனிச்சரிவுப் பகுதி ஒன்றை அது தவிர்க்கிறது. மாமனார் ஒவ்வொரு சுரங்கத்துக்குள்ளும் பிடியை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். சோனமார்க்கைத் தாண்டியதும் அந்தச் சலுகை முடிந்தது. ஜோஜி லாவுக்கு அடியில் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டும் பணி நடந்துவருகிறது. அது முடியும் வரை மேலே ஏறித்தான் போக வேண்டும்.

லடாக்கி, திபெத்திய மொழிகளில் ‘லா’ என்றாலே கணவாய்தான். ஜோஜி லாவின் உயரம் 3,528 மீட்டர். லடாக் கணவாய்களில் இது குட்டை. ஆனால் டிரைவர்கள் மரியாதை தருவது இதற்குத்தான். பாறையைச் செதுக்கிய ஒடுக்கமான பாதை, தளர்ந்த மண், பனி உருகி ஓடும் சேறு, எதிரே அணிவகுத்து வரும் ராணுவ லாரிகள். ஒருநேரத்தில் ஒரு திசை வண்டிகளை மட்டும் போலீசார் அனுப்பும் நாட்களும் உண்டு. ஒரு காலத்தில் குளிர்காலம் முழுக்க, வருடத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த கணவாய் இது. எல்லைச் சாலை அமைப்பின் பனி அகற்றும் இயந்திரங்கள் பெருகியபின் மூடும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2023-ல் 68 நாட்களில் திறந்துவிட்டார்கள்.

மே மாதத்தில் பாதையின் இருபுறமும் வண்டியைவிட உயரமான பனிச் சுவர் நின்றது. செங்குத்தாக, பளிச்சென்று, வெட்டிய தடம் தெரிய. உற்றுப் பார்த்தால் அதில் அடுக்கடுக்காகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு பனிப்பொழிவு. கட்டிங் டேபிளில் துணியை நூறு அடுக்கு ‘லே’ போட்டு, மேலே மார்க்கரை விரித்து, கத்தி மெஷினைச் செலுத்தி வெட்டி எடுத்தவருக்கு அந்தச் சுவர் அந்நியமாகத் தெரியவில்லை. “இதையும் லே போட்டுத்தான் வெட்டியிருக்காங்க” என்றார். பயணத்தில் அவராகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். அடுத்த வளைவில் பள்ளம் இடப்பக்கம் வந்தது. பேச்சு நின்றது. கீழே, நூல் போலத் தெரிந்தது அமர்நாத் யாத்ரீகர்கள் இறங்கும் பால்தால் பள்ளத்தாக்கு.

பொம்மனஹள்ளிக்காரர் ஒருவர் அந்த இடத்தில் தன்னை அந்நியராக நினைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1948-ல் டிராஸும் கார்கிலும் எதிரி வசம் இருந்தபோது, ஜோஜி லாவில் இருந்தது கோவேறு கழுதைகள் போகும் தடம் மட்டுமே. டாங்கிகளைக் கொண்டுபோய் எதிரியைத் திகைக்க வைப்பது என்று ஜெனரல் திம்மய்யா முடிவெடுத்தார். டாங்கி ஏறுவதற்கு முதலில் பாதை வேண்டும். அதைப் போட்டவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பிரிவின் இரண்டு கம்பெனிகள். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட, தென்னிந்திய வீரர்களின் பொறியாளர் படை. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’. அவர்கள் அகலப்படுத்திய தடத்தில் 1948 நவம்பர் 1-ஆம் தேதி ஏழாவது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியில் ஏறி, கணவாயைப் பிடித்தன. அந்த மாதமே கார்கிலும் மீண்டது. ஓசூர் சாலையிலிருந்து அல்சூர் ஏரி ஒரு மணி நேர நெரிசல் தூரம். மாப்பிள்ளை இந்தக் கதையைச் சொன்னபோது, “நம்ம ஊர்ப் பசங்க போட்ட ரோடா?” என்று மாமனார் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். சாலை இப்போது எல்லைச் சாலை அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. தடம் அதுவேதான்.

மலைப் பாதையில் நெடுநாள் ஓட்டியவர்கள் சொல்லும் விதிகள் எளிமையானவை. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். முன்னால் போகும் லாரி கை காட்டினாலொழிய முந்தக் கூடாது. சேற்றிலும் பனியிலும் திடீரென்று பிரேக் போடுவது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவது இரண்டும் ஆகாது. இவற்றில் எதுவும் துணிச்சலைக் கேட்பதில்லை. எல்லாமே பொறுமையைக் கேட்பவை. கட்டிங் மாஸ்டருக்கு இது உடனே பிடிபட்டது. நூறு அடுக்குத் துணியில் கத்தியை அவசரமாகத் தள்ளினால் மேல் அடுக்கு சரியாக இருக்கும், அடித் துணி கோணிக்கொள்ளும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அன்றிரவு 2,676 மீட்டர் உயரத்தில் உள்ள கார்கிலில் தங்கல். மறுநாள் நமிகா லா, 4,108 மீட்டர் ஃபோட்டு லா. ஸ்ரீநகர்-லே பாதையில் உச்சி ஜோஜி லா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஃபோட்டு லாதான் உச்சி. பாதை அகலம், வெயில் பளீர். பயமுறுத்த எதுவும் இல்லாததால் வருகிறவர்கள் பெயரைக்கூட நினைவில் வைத்துக்கொள்வதில்லை. லாமாயுரு மடம், நிம்முவில் சிந்துவும் ஸன்ஸ்காரும் வேறுவேறு நிறத்தில் கலக்கும் இடம், பிறகு லே. உயரம் 3,500 மீட்டர். பெங்களூர் சுமார் 920 மீட்டர். அந்த வித்தியாசத்தை ஏற கார் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. அதில் கடைசி மூன்று இரவுகள் காஷ்மீர், கார்கில் என்று மலையிலேயே கழிந்தன.

மகளின் விமானம் மறுநாள் காலை வந்து இறங்கியது. முந்தைய இரவு டெல்லியில் இருந்தவர், ஒன்றேகால் மணி நேரத்தில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டார். லேயின் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடம்பு இதை உடனே புகாராகச் சொல்வதில்லை. முதல் சில மணி நேரம் உற்சாகமாகவே இருக்கும். மகளும் மதியம் கடைவீதிக்குப் போனார், லே அரண்மனைப் படிகளில் ஏறினார். மாலையில் தலைவலி தொடங்கியது. இரவு வாந்தி. தூக்கம் இல்லை.

மறுநாள் கார்துங் லா போவதாகத் திட்டம். லேயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான மோட்டார் சாலை என்று பெயர் வாங்கிய கணவாய். வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம். “மாத்திரை போட்டிருக்கா, காலைல சரியாயிடும். மேல பத்து நிமிஷம்தான் நிக்கப் போறோம், மாமா” என்றார் மாப்பிள்ளை. மகளும் தலையாட்டினார். கணவரின் ஆசையைக் கெடுக்க அவருக்கு மனமில்லை.

அதுவரை பள்ளத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வந்தவர், அங்கேதான் வாய் திறந்தார். “மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு வேண்டாம். பொண்ணுக்கு தலைவலி விட்ட பிறகு போவோம். விடலேன்னா போகவே வேண்டாம்.” குரல் உயரவில்லை. ஆனால் அவர் எழுந்து போய் அறைக் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவம் அவர் பக்கம். வேகமாக உயரம் ஏறியவர்களுக்கு வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் அடையாளங்கள். வயது, உடற்பயிற்சி, தைரியம் எதையும் அது பார்ப்பதில்லை. இருபது வயது விளையாட்டு வீரருக்கு வரலாம், பக்கத்திலிருக்கும் தாத்தாவுக்கு வராமல் போகலாம். அடையாளம் தெரிந்தால் மேற்கொண்டு ஏறக் கூடாது என்பதே முதல் விதி. பெரும்பாலும் ஓரிரு நாள் ஓய்வில் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலும், நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் அது வேறு கட்டம். நுரையீரலில் அல்லது மூளையில் நீர் கோர்க்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், உயரம் குறைந்த இடத்துக்கு இறக்க வேண்டும். தலைவலி மாத்திரை வலியை மறைக்கும், உயரத்தைக் குறைக்காது. கார்துங் லாவில் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். லேக்கு விமானத்தில் வருபவர்கள் முதல் இரண்டு நாள் எங்கும் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உயர நோய்க்குத் தரப்படும் மருந்தையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

பயந்துகொண்டே சாலையில் வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பாக வானத்தில் வந்தவருக்கு உடம்பு முடியவில்லை. மலையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. அதற்காகவே எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். உயரம், நேரம், அவசரம் இவை மூன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாம் நாள் தலைவலி விட்டது. நான்காம் நாள் கார்துங் லா. மேலே பலகையில் 18,380 அடி என்று எழுதி வெகுகாலம் படம் எடுத்துக்கொண்டார்கள். நவீன அளவீடுகள் தரும் உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. அதைவிட உயரமான சாலைகளை லடாக்கிலேயே பின்னர் போட்டாயிற்று. எண்ணூறு அடி குறைந்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை, குளிர் குறையவில்லை. மாமனார் வண்டியை விட்டு இறங்கி, கையில் பனியை எடுத்துப் பிசைந்து பார்த்து, கால் மணி நேரம் ஆகுமுன்பே, “போலாங்களா மாப்பிள்ளை?” என்றார். இந்தத் தடவை மாப்பிள்ளை வாதாடவில்லை.

திரும்பும் வழி மணாலி. லேயிலிருந்து மணாலி வரை பழைய கணக்கில் சுமார் 475 கிலோமீட்டர். உப்ஷியில் சிந்து நதியை விட்டு விலகும் சாலை, 5,328 மீட்டர் தங்லங் லாவில் ஏறி, மோரே சமவெளியில் இறங்குகிறது. கடலிலிருந்து நாலாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் சுமார் நாற்பது கிலோமீட்டர் தட்டையான நிலம். பயந்த பயணிக்கு இந்தப் பாதையில் கிடைக்கும் ஒரே சொர்க்கம் அதுதான். பிறகு பாங், லாச்சுலுங் லா, நக்கீ லா, அதன் மறுபக்கம் காட்டா லூப்ஸ். ஒரே மலைச்சரிவில் 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு எண்ணிக்கை சிறியது. ஆனால் இங்கே ஒரு மரம் இல்லை. கண்ணுக்குத் திரை போட எதுவுமில்லாமல், மேல் வளைவிலிருந்து கீழ் வளைவு வரை மொத்தமும் தெரியும். மாமனார் ஒவ்வொரு வளைவையும் வாய்விட்டு எண்ணினார். பதினொன்றில் மகளும் சேர்ந்துகொண்டார்.

வழியெங்கும் எல்லைச் சாலை அமைப்பின் மஞ்சள் பலகைகள். 1960-ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. லடாக்கில் அதன் பிரிவுக்கு ‘ஹிமாங்க்’ என்று பெயர். வேகத்தைக் குறைக்கச் சொல்லி அது எழுதிவைக்கும் கேலி வாசகங்கள் பயணிகளிடையே பிரபலம். வளைவுகளைக் காதலியாக்கி ஒன்று, குடித்துவிட்டு ஓட்டாதே என்று எதுகை போட்டு இன்னொன்று. அதே சாலையோரத்தில், தார் டிரம்களைச் சூடாக்கும் புகைக்கு நடுவே, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கும் தொழிலாளர்களை யாரும் அவ்வளவாகப் படம் எடுப்பதில்லை. ஜார்க்கண்டின் தும்கா பகுதி, பீகார், நேபாளம் என்று தாழ்ந்த நிலங்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் பருவத்துக்குப் பருவம் வருகிறவர்கள். பயணிகள் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்கிற உயரத்தில், கோடை முழுவதும் கல் உடைப்பவர்கள். வண்டி அவர்களைக் கடக்கும்போது மாப்பிள்ளை தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

ஸார்ச்சு வந்தபோது மணி நாலரை. உயரம் 4,290 மீட்டர், வரிசையாகக் கூடாரங்கள். அன்றே பாரலாச்சா லாவைத் தாண்டி ஜிஸ்பா போய்விட்டால் தாழ்வான இடத்தில் தூங்கலாம், ஒரு நாள் மிச்சமாகும் என்று மாப்பிள்ளைக்கு ஒரு கணக்கு. கணக்கில் தப்பில்லை, தாழ்வான இடத்தில் தூங்குவது நல்லதுதான். மாமனார் அதை மறுக்கவில்லை. கூடாரக்காரரிடம் போய், சைகையும் தனக்குத் தெரிந்த இந்தியுமாக ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தார்: இந்நேரத்துக்கு மேலே தண்ணீர் எப்படி இருக்கும்?

பனிக் கணவாய்க்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. விடியற்காலையில் முந்தைய நாள் உருகிய நீர் சாலையில் கண்ணாடியாக உறைந்திருக்கும். டயருக்குப் பிடிமானம் கிடைக்காது. வெயில் ஏறி அது இளகியதும் நல்ல நேரம் தொடங்குகிறது. நண்பகலுக்குப் பிறகு மேலே பனி உருகி ஓடைகள் பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர் மாலையில் வண்டியை இழுக்கும் வேகத்தில், அடியில் உருண்டு வரும் கற்களோடு சாலையைக் குறுக்கே கடக்கும். லாஹூல் பகுதியில் ஓர் ஓடைக்குப் பெயரே ‘பாகல் நாலா’, அதாவது பைத்தியக்கார ஓடை. காலையில் சாதுவாகவும் மாலையில் வேறாகவும் இருப்பதால் வந்த பெயர். இருட்டும் நேரத்தில் பனிச் சுவர்களுக்கு நடுவே வண்டி நின்றுபோனால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள். கூடாரக்காரரின் பதில் தலையசைப்பாகவே இருந்தது. மூவரும் அங்கேயே தங்கினார்கள். மகளுக்குத் தலைவலி இருக்கிறதா என்று தந்தை இரவில் இருமுறை எழுந்து கேட்டார். இல்லை.

காலை ஏழரைக்குக் கிளம்பி, 4,890 மீட்டர் பாரலாச்சா லாவைப் பத்து மணிக்குள் கடந்தார்கள். சாலையின் இருபுறமும் ஜோஜி லாவில் பார்த்ததைவிட உயரமான பனிச் சுவர். மேலே நீல வானம் ஒரு பட்டை. அப்பால் பாதி உறைந்த சூரஜ் தால் ஏரி. அதிலிருந்து பாகா நதி பிறக்கிறது. கீழே தாண்டியில் சந்திரா நதியோடு அது சேர்ந்து உருவாவதுதான் ராம்பனில் அவர்கள் பார்த்த செனாப்.

மணாலிக்கு முன்னால் கடைசியாக இருந்த ரோதாங் கணவாயை, 3,978 மீட்டர் ஏறி இறங்க வேண்டிய தேவை இப்போது இல்லை. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் தூரத்தில் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிட்டது. லாஹூல் மக்களுக்கு அது தூரக் குறைப்பு மட்டும் இல்லை. பனிக்காலத்தில் நோயாளியை மணாலிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் மாதக் கணக்கில் முடங்கிக் கிடந்த பள்ளத்தாக்கு அது. ஸன்ஸ்கார் பக்கம் ஷிங்கு லா கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 2024 ஜூலை 26-ல் முதல் வெடி வைத்தார்கள். ஜோஜி லா சுரங்கமும் முடிந்தால், பயந்த பயணிகளுக்கு இமயத்தில் இன்னும் கொஞ்சம் நிம்மதி. எத்தனை சுரங்கம் வந்தாலும் லேயின் உயரம் 3,500 மீட்டராகவே இருக்கும் என்பதைப் போகிறவர்கள் மறக்காமல் இருந்தால் சரி. பாதை சுலபமாக ஆக, வேகமாக ஏறுகிறவர்களும் அதிகமாவார்கள்.

மகள் சண்டிகரில் விமானம் ஏறினார். கார் மறுபடியும் 44-ஆம் எண் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பியது. ஆறு வழிச் சாலை, நேர்கோடு, வேகமானியில் நூறு. இந்த முறை மாமனார் தூங்கவில்லை. “மாப்பிள்ளை, நாலு மணி நேரமா ஓட்டறீங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்” என்றார். அடுத்த வருடம் ஷிங்கு லா வழியாக ஸன்ஸ்கார் போகலாமா என்று மாப்பிள்ளை டீக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டார். அது எவ்வளவு பெரிய பள்ளம், எத்தனை வளைவு என்று அவர் விசாரிக்கவில்லை. “வழியில எங்கெங்க தங்கறோம்? காலைல எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?” என்று மட்டும் கேட்டார்.